கப்பல் பினாங்கில் ஒரே நாள்தான் நிற்கும்: டூர் பஸ் இல்லாமல் நடந்தே ஊரைப் பார்ப்பது எப்படி? கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும்?

சிங்கப்பூரில் கப்பல் ஏறி, மூணு நாள் நாலு நாள் கடலில் சுற்றிவிட்டு அங்கேயே வந்து இறங்கும் க்ரூஸ் பயணம் இப்போது நம்ம ஊர் குடும்பங்களுக்கும் பழக்கமாகி வருகிறது. அப்பா ரிட்டயர்மென்ட், அம்மா அப்பாவின் 25-வது கல்யாண நாள், பிள்ளைகளின் பரீட்சை லீவு என்று ஏதோ ஒரு காரணம். இந்தக் கப்பல்களில் பல, வழியில் ஒரு நாள் மலேசியாவின் பினாங்கில் நிற்கும். முந்தின நாளே கப்பலுக்குள் ஒரு கவுன்ட்டரில் "நாளைக்கு ஊர் சுற்ற டூர் போடட்டுமா?" என்று கேட்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று டாலரில் விலை சொல்வார்கள். நாலு பேருக்குக் கணக்குப் போட்டால் நமக்குத் தலை சுற்றும்.

டூர் எடுக்காமல் நாமே இறங்கிப் போகலாமா? ஊர் தெரியாதே, கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டால்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் பார்த்துவிடலாம்.

துறைமுகத்திலிருந்து ஊர் எவ்வளவு தூரம்?

தூரமே இல்லை. அதுதான் பினாங்கின் சிறப்பு. பல நாடுகளில் க்ரூஸ் கப்பல் நிற்கும் துறைமுகம் ஒரு பக்கம் இருக்கும், பார்க்க வேண்டிய ஊர் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கும். அங்கெல்லாம் பஸ் எடுக்காமல் முடியாது. பினாங்கு தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுன் அப்படி இல்லை. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, ஊரின் வடகிழக்கு மூலையிலேயே இருக்கிறது. கேட்டைத் தாண்டினால் எதிரில் மணிக்கூண்டு, அதற்குப் பக்கத்தில் பழைய கோட்டை. ஐந்து நிமிட நடை. பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா, அதாவது மல்லிகைப்பூவும் இட்லியும் தமிழ் சினிமா பாட்டும் இருக்கிற தெருக்கள்.

2008 ஜூலையில் யுனெஸ்கோ, மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஜார்ஜ் டவுனில் அந்தப் பாதுகாக்கப்பட்ட பகுதி, சுற்றுவட்டத்தையும் சேர்த்து சுமார் 260 ஹெக்டேர்தான். ஒரு பெரிய பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் சுற்று மொத்தமும் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர்.

துறைமுக வாசலில் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு "சிட்டி டூர், சிட்டி டூர்" என்பார்கள். பழைய ஊர் மட்டும் போதும் என்றால் சிரித்துக்கொண்டே நடையைக் கட்டலாம்.

இறங்கும் முன் என்ன பேப்பர் வேணும்?

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் நுழையலாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. 2026 டிசம்பர் 31 வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். மலேசியாவுக்குள் வரும் வெளிநாட்டினர், வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். உங்கள் கப்பல் பயணிகள் இதை எப்படி நிரப்ப வேண்டும் என்பதை, டிக்கெட் போட்ட இடத்தில் கிளம்பும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

நிறைய பேர் கோட்டை விடுவது மலேசியாவில் இல்லை, சிங்கப்பூரில். இந்தியர்களுக்கு சிங்கப்பூருக்கு விசா வேண்டும். கப்பல் ஏறும்போது நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறீர்கள், திரும்பி வரும்போது இன்னொரு முறை நுழைகிறீர்கள். உங்கள் விசா ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிக்கிறதா என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னாலும் பாருங்கள்.

பினாங்கில் இறங்கும்போது கையில் மூன்று விஷயம் இருக்கணும். கப்பல் அறை அட்டை, பாஸ்போர்ட் (கப்பல்காரர்கள் வாங்கி வைத்திருந்தால் அதன் நகலும், போனில் ஒரு போட்டோவும்), அன்றைய தினம் அறைக்குள் போடும் நிகழ்ச்சித்தாள். அந்தத் தாளை பலர் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதில்தான் கப்பல் கிளம்பும் நேரமும், துறைமுகத்தில் கப்பலுக்காக வேலை செய்யும் ஏஜென்ட்டின் போன் நம்பரும் இருக்கும். அது ஏன் முக்கியம் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

எந்த கடிகாரத்தை நம்புவது?

மலேசிய நேரம் நம்ம நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். நம்ம ஊரில் காலை 9 என்றால் அங்கே 11.30. வெளிநாடு போனாலும் கை வாட்ச்சை இந்திய நேரத்திலேயே விட்டுவைக்கும் அப்பாக்கள் நம்ம வீடுகளில் உண்டு. தயவுசெய்து அன்றைக்கு ஒரு நாள் மாற்றச் சொல்லுங்கள்.

சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம் என்பதால் பெரிய குழப்பம் வராது. ஆனால் உங்கள் கப்பல் தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் போகிறது என்றால் கவனம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கப்பலில் 'கப்பல் நேரம்' என்று ஒன்று வைத்திருப்பார்கள். சில கப்பல்கள் ஒவ்வொரு துறைமுகத்திலும் அதை மாற்றும், சில மாற்றாது. போன் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டு, கப்பல் நேரத்தைக் கையால் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

போன் பேச்சு வந்ததால் இன்னொன்று. நடுக்கடலில் போன் தானாகவே கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கில் போய் ஒட்டிக்கொள்ளும். பில் வந்த பிறகுதான் தெரியும். கப்பல் கரையில் நின்ற பிறகு ஏரோபிளேன் மோடை எடுத்தால் போதும்.

கிளம்பும் நேரமும், திரும்பி ஏறியாக வேண்டிய நேரமும் ஒன்றில்லை. மாலை 6 மணிக்குக் கப்பல் கிளம்புகிறது என்றால், 5 மணிக்கோ 5.30-க்கோ எல்லோரும் உள்ளே இருக்கணும் என்பார்கள். குடியேற்றப் பரிசோதனை, பை ஸ்கேன் என்று வரிசை வேறு நிற்கும். தாளில் போட்டிருக்கும் ஏறும் நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழித்து, அதுதான் துறைமுக வாசலில் நிற்க வேண்டிய நேரம் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

சரி, எந்த வழியாக நடப்பது?

வாசலில் இருக்கும் மணிக்கூண்டிலிருந்து ஆரம்பிக்கலாம். விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சியைக் கொண்டாட 1897-ல் திட்டமிட்டது, கட்டி முடிய 1902 ஆனது. ஆண்டுக்கு ஒரு அடி என்று 60 அடி உயரம். பணம் கொடுத்தவர் செயா சென் இயோக் என்ற சீன செல்வந்தர். லேசாகச் சாய்ந்திருக்கும், இரண்டாம் உலகப் போர் குண்டுவீச்சில் அப்படி ஆனது என்பார்கள். திரும்பி வரும்போது இதுதான் உங்கள் அடையாளம். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் இல்லாமல் போனாலும் "இந்த மணிக்கூண்டு" என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.

பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-ல் கிழக்கிந்திய கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம். கோட்டைக்குப் பெயர் கொடுத்த கார்ன்வாலிஸ், திப்பு சுல்தானோடு போரிட்ட அதே கவர்னர் ஜெனரல்தான். காட்டைச் சீக்கிரம் வெட்டவைக்க லைட் பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். காசைத் தேடிக்கொண்டே ஆட்கள் காட்டை வெட்டினார்களாம். நம்பலாமா என்று தெரியாது, கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் உண்டு. நேரம் குறைவு என்றால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு நகரலாம் என்பது என் கருத்து. அதை ஒட்டிய கடற்கரை மைதானமும், அதன் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் நகர மன்றக் கட்டடமும் இலவசம்.

அங்கிருந்து உள்பக்கமாகத் திரும்பினால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818-ல் கட்டியது. இதிலிருந்து தொடங்கும் சாலையில் நிதானமாக நடங்கள். கொஞ்ச தூரத்தில் குவான் யின் கோயில் வரும், சீனர்கள் கருணைத் தெய்வத்துக்கு 1800 வாக்கில் எழுப்பியது. ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். அதையடுத்து இடது பக்கமாக ஒரு தெரு உள்ளே போனால், குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில். 1833-ல் வந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். நடை சாத்தும் நேரம் உண்டு, மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள். தைப்பூசத்துக்கு முருகனின் தங்கத் தேர் கிளம்புவது இங்கிருந்துதான். நகரத்தார்களின் வெள்ளித் தேர், பக்கத்தில் பினாங்கு தெருவில் இருக்கும் கோவில் வீட்டிலிருந்து கிளம்பும்.

மீண்டும் பெரிய சாலைக்கு வந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801-ல் காதர் மொய்தீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் நிறுவியது. 'கப்பித்தான்' என்றால் ஒரு சமூகத்துக்குத் தலைவராக அன்றைய அரசு ஏற்றுக்கொண்டவர். 'கெலிங்' என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். பள்ளிவாசலின் பெயரில் அது அப்படியே இருக்கிறது, ஆனால் இன்றைய மலேசியாவில் ஒரு மனிதரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் வசவு. வாய் தவறியும் சொல்லிவிட வேண்டாம். தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் பார்வையாளர்களை விடுவார்கள், வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம். கை கால் மூடிய உடை அவசியம்.

தேவாலயம், சீனக் கோயில், மாரியம்மன் கோயில், பள்ளிவாசல் எல்லாம் அரை கிலோமீட்டருக்குள். இந்தச் சாலையை நல்லிணக்கத் தெரு என்றே விளம்பரப்படுத்துகிறார்கள்.

பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் குறுக்கே ஓடுவது சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு அந்தக் காலத்தில் 'சூலியா' என்று பெயர். அந்தத் தெருவில் சின்னதாக ஒரு தர்கா நிற்கும், நாகூர் ஆண்டவருக்காக 1800-களின் தொடக்கத்தில் எழுப்பியது. ஊரை விட்டு வந்தவர்கள் கும்பிட்ட சாமியையும் கூடவே கொண்டு வந்திருக்கிறார்கள். பெரிய கட்டடம் எதுவும் இல்லை, டூர் பஸ்ஸும் இங்கே நிற்காது. நாகப்பட்டினம் பக்கத்து ஆட்கள் யாராவது உங்கள் குழுவில் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

அடுத்தது ஆர்மீனியன் தெரு. 2012-ல் எர்னெஸ்ட் ஸக்கரேவிச் என்ற ஓவியர் சுவரில் இரண்டு குழந்தைகளை வரைந்து, அவர்களுக்கு முன்னால் நிஜ சைக்கிளை நிறுத்திவைத்தார். ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். போட்டோ எடுக்க வரிசை நிற்கும், அந்த வெயிலில் அரை மணி நேரம் நிற்க அது தகுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் கூ கொங்சியைப் பார்க்கலாம் என்பேன். கூ வம்சத்துச் சீனர்களின் குலக் கூடம். முதலில் கட்டியது 1901-ல் தீயில் போனது. அரண்மனை மாதிரி கட்டியதால் தெய்வத்துக்குக் கோபம் வந்துவிட்டது என்று பயந்து, 1906-ல் சின்னதாகக் கட்டினார்களாம். அந்தச் 'சின்னது' கூரையில் இருக்கும் வேலைப்பாட்டைப் பார்த்தாலே கழுத்து வலிக்கும்.

கடைசியாகக் கடல் பக்கம் இறங்கினால் சியூ ஜெட்டி. கடலுக்குள் கட்டை ஊன்றி, பலகை போட்டு, அதன் மேல் வரிசையாக வீடுகள். ஒரே குடும்பப் பெயர் கொண்ட சீனர்கள் தலைமுறையாக வாழும் இடம். முகப்பில் கடைகள் இருப்பதால் பொருட்காட்சி போல் தெரியும், ஆனால் இன்றைக்கும் மனிதர்கள் சமைத்துத் தூங்கும் வீடுகள் இவை. ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீங்க. இங்கிருந்து கடலோரச் சாலையிலேயே வடக்கே ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்தால் மறுபடியும் மணிக்கூண்டு, கப்பல்.

தாத்தா சொன்ன பிட் ஸ்ட்ரீட் இப்போ எங்கே?

தஞ்சாவூர், நாகை, ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் பல வீடுகளில் 'பினாங்கில் இருந்த தாத்தா' ஒருவர் இருப்பார். பழைய கடிதத்தில் கடை விலாசம் கூட இருக்கலாம். அதைத் தேடிக் கப்பலிலிருந்து இறங்குபவர்கள் மேப்பில் அடித்துப் பார்த்துவிட்டுக் காணோம் என்று திரும்பிவிடுகிறார்கள். தெரு அங்கேயேதான் இருக்கிறது, பெயர்தான் மலாய்க்கு மாறியிருக்கிறது.

பிட் ஸ்ட்ரீட் இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். மேலே சொன்ன நல்லிணக்கத் தெரு இதேதான். மார்க்கெட் ஸ்ட்ரீட், லெபோ பாசார். பீச் ஸ்ட்ரீட், லெபோ பந்தாய். சர்ச் ஸ்ட்ரீட், லெபோ கெரேஜா. வெல்டு கீ என்ற கடலோரச் சாலை, பெங்காலான் வெல்டு. பினாங்கு, குயின், கிங், சூலியா தெருக்களுக்கு முன்னால் 'லெபோ' மட்டும் சேர்ந்திருக்கிறது. லெபோ என்றால் தெரு, ஜாலான் என்றால் சாலை, லோரோங் என்றால் சந்து. லிட்டில் இந்தியா பக்கம் சில தெருப் பலகைகளில் தமிழ் எழுத்தே இருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பழைய ஆட்கள் 'போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் இறங்கினோம்' என்று சொல்லியிருந்தால் அது இந்த ஸ்வெட்டன்ஹாம் துறை இல்லை. கோலாலம்பூர் பக்கம் இருக்கும் இன்றைய போர்ட் கிள்ளான்தான் அது. ஸ்வெட்டன்ஹாம் என்ற ஒரே பிரிட்டிஷ் அதிகாரியின் பெயரை இரண்டு இடத்துக்கும் வைத்துவிட்டார்கள். மெட்ராஸிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆள் ஏற்றிக்கொண்டு ரஜுலா கப்பல் இந்த இரண்டு ஊரையும் தொட்டு சிங்கப்பூர் வரை போகும். 1926-லிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு அது ஓடியது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் அதில் நடந்த தீ விபத்தோடு அந்தப் பயணிகள் சேவை நின்றுபோனது. ரஜுலாவில் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் பால்கனி வைத்த அறை எடுத்து இதே பினாங்குக்கு வருகிறார்கள். லிட்டில் இந்தியாவில் வயசான கடைக்காரர் யாரிடமாவது ரஜுலா என்று சொல்லிப் பாருங்கள்.

தமிழ் படித்த ஆள் என்பதால் இதையும் சொல்லாமல் போக மனசு வரவில்லை. மலாயில் கப்பலுக்கு 'காப்பால்', கடைக்கு 'கெடாய்', கட்டிலுக்கு 'காத்தில்', மாம்பழத்துக்கு 'மெம்பெலாம்'. மொழி தெரியாதே என்று பயந்தவர்களுக்கு இது ஒரு தைரியம்.

எங்கே, என்ன சாப்பிடலாம்?

கப்பலில் சாப்பாடு இலவசம்தானே என்று மதியம் கப்பலுக்கே திரும்பி ஓடுபவர்கள் உண்டு. பினாங்கில் அப்படிச் செய்தால் பாதி ஊரைத் தவறவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இந்த ஊரின் பெயர் சொல்லும் சாப்பாடு நாசி கண்டார். நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் போடும் காவடித் தடி. தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் குழம்பு என்று தூக்கிக்கொண்டு, தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு அது. கேம்ப்பெல் தெருவில் இருக்கும் ஹமீதியா 1907-லிருந்து நடக்கிறது. சோற்றின் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். தாராளமாக வேண்டும் என்றால் 'பஞ்சிர்' என்று சொல்லுங்கள், வெள்ளம் என்று அர்த்தம், தட்டு மிதக்கும். ஒரு எச்சரிக்கை: நீங்கள் கைகாட்டும் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. பெரிய இறால், மீன் தலை எல்லாம் பில்லை எங்கேயோ கொண்டுபோய்விடும். தட்டில் வைக்கும் முன்பே விலை கேளுங்கள், அங்கே யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஒரு ரிங்கிட், நம்ம காசுக்கு 20 ரூபாய்க்கு மேல் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டால் போதும்.

சைவக்காரர்களுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, தோசை, இட்லி எல்லாம் கிடைக்கும். தமிழிலேயே ஆர்டர் செய்யலாம். சீனக் கடைகளில் மட்டும் காய்கறி என்று எழுதியிருந்தாலும் இறால் பேஸ்ட், மீன் சாஸ் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் பினாங்கு ரோடு பக்கம் கெங் குவீ தெருவில் சென்டோல். தேங்காய்ப்பால், பனஞ்சர்க்கரை, ஐஸ், பச்சை நிற மாவுப் புழு. புழு என்றதும் முகம் சுளிக்காதீங்க, நம்ம சேமியா மாதிரிதான். தே தாரிக் என்று கேட்டால் நம்ம ஆத்தின டீயே வரும்.

வெயில், மழை, முழங்கால் வலி

30 டிகிரிக்கு மேல் வெயில், சென்னை மாதிரியே புழுக்கம். மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டும், செப்டம்பர், அக்டோபரில் இன்னும் அதிகம். குடை வெயிலுக்கும் ஆகும். பழைய கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை தொடர்ச்சியாக ஓடும். ஐந்தடி அகலம் என்பதால் அதற்கு 'காக்கி லிமா' என்று பெயர். தெரு முழுக்க எல்லா வீட்டுத் திண்ணையையும் சேர்த்து ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். நிழல் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு கடை முன்னாலும் தரை ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும், நடுவில் பைக் நிற்கும், ஓரத்தில் திறந்த சாக்கடை. சக்கர நாற்காலிக்குக் கஷ்டம்தான்.

முழங்கால் வலி இருக்கும் அம்மா அப்பாவோடு போனால் முழுச் சுற்றையும் போட வேண்டாம். மாரியம்மன் கோயில், பள்ளிவாசல், சாப்பாடு என்று நிறுத்திக்கொண்டு திரும்பும்போது கிராப் டாக்ஸி எடுங்கள். 'பெச்சா' என்ற சைக்கிள் ரிக்‌ஷா அழகாகப் பூ வைத்து நிற்கும், ஏறும் முன் எத்தனை நிமிடம், எவ்வளவு ரிங்கிட் என்று பேசிவிட்டு ஏறுங்கள்.

தண்ணீர்மலை, பினாங்கு ஹில் போக நேரம் இருக்கா?

513 படி ஏறும் தண்ணீர்மலை முருகன் கோயில், 1923-லிருந்து மலை ரயில் ஓடும் பினாங்கு ஹில், கெக் லோக் சி புத்தர் கோயில் எல்லாம் ஊருக்குள் பல கிலோமீட்டர் தள்ளி. கப்பல் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் காலையில் முதல் வேலையாக ஏதாவது ஒன்றுக்கு மட்டும் போய்விட்டு, மதியத்துக்கு மேல் பழைய ஊரை நடந்து பார்க்கலாம். இதை மாற்றிச் செய்ய வேண்டாம். தூர இடம் முதலில், பக்கத்து இடம் பிறகு. மாலை டிராஃபிக்கில் மாட்டினால் நடந்து வர முடியாத தூரத்தில் இருப்பீர்கள். மலை ரயிலுக்கு லீவு நாளில் கூட்டம் தாங்காது. ஐந்தாறு மணி நேரம்தான் கப்பல் நிற்கும் என்றால் இந்தப் பக்கத்தையே மறந்துவிடுங்கள்.

கப்பலைத் தவறவிட்டால்?

நேரே விஷயத்துக்கு வருவோம். கப்பல் காத்திருக்காது. கப்பலே ஏற்பாடு செய்த டூர் பஸ் தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள், அந்த டூரின் விலையில் இந்த உத்தரவாதமும் சேர்ந்துதான் இருக்கிறது. தனியாகப் போனவர்களுக்கு அது இல்லை. துறைமுகத்தில் அதிக நேரம் நின்றால் கட்டணம், அடுத்த துறைமுகத்தில் இடம் போய்விடும். இரண்டாயிரம் மூவாயிரம் பேருக்காகக் கிளம்பிவிடுவார்கள்.

தாமதமாகும் என்று தெரிந்த உடனே அந்த நிகழ்ச்சித்தாளில் இருக்கும் ஏஜென்ட் நம்பருக்கு அடியுங்கள். கேட் மூடிய பிறகு அடிப்பதைவிட அரை மணி முன்னால் அடிப்பது நூறு மடங்கு நல்லது. நீங்கள் வரவில்லை என்று தெரிந்தால் சில கப்பல்களில் அறை லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். மற்ற பெட்டி, மாத்திரை, துணி எல்லாம் கப்பலோடு போய்விடும். அதனால் தினமும் சாப்பிடும் மாத்திரை ஒரு நாளுக்கு உண்டானது கைப்பையில் இருக்கட்டும், ஒரு கார்டும் இருக்கட்டும்.

அடுத்த துறைமுகத்துக்கோ சிங்கப்பூருக்கோ போகும் செலவு உங்களுடையது. பினாங்கு விமான நிலையம் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் இருக்கிறது, அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடைசி நேர டிக்கெட் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஊர் வேறு நாடு என்றால் அந்த நாட்டுக்குள் விமானத்தில் நுழைய உங்களிடம் அனுமதி இருக்கிறதா என்ற கேள்வி தனியாக வரும். பயணக் காப்பீடு எடுத்திருந்தால், கப்பலைத் தவறவிடுவதும் அதில் அடங்குமா என்று பாலிசியில் பாருங்கள். பல பாலிசிகளில் விமானத்தைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கடைசி ஒரு மணி நேரம் எங்கே இருக்கணும்?

தவறவிடுபவர்களில் பலர் தூரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இல்லை. "இன்னும் நேரம் இருக்கே, அந்த ஒரு கடையை மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்" என்று பிரிந்து போனவர்கள்தான். ஒருத்தர் போனில் சார்ஜ் இல்லை, இன்னொருத்தருக்கு லோக்கல் சிம் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் ஷாப்பிங்கை லிட்டில் இந்தியாவிலேயே முடித்துவிட்டு, கடைசி ஒரு மணி நேரத்துக்குக் கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரை மைதானத்துக்கு எல்லோரும் வந்துவிடுவது என்று காலையிலேயே பேசி வையுங்கள். கடல் காற்று வரும், உட்கார இடம் இருக்கும், பக்கத்திலேயே உணவுக் கடைகள் இருக்கின்றன. மீந்திருக்கும் ரிங்கிட்டுக்கு ஆளுக்கொரு பசெம்போர் தட்டு வாங்கலாம், வடை வெள்ளரி எல்லாம் வெட்டிப்போட்டு இனிப்புக் காரக் குழம்பு ஊற்றியது. அங்கிருந்து மணிக்கூண்டு ஐந்து நிமிடம், மணிக்கூண்டிலிருந்து கேட் இரண்டு நிமிடம். நிழல் நீளும்போது எழுந்தால் வரிசையில் முன்னால் நிற்கலாம்.